நோக்கமற்றோர் நுழைவாயில்

கூதிர்காலம் அந்நகரின்மேல் ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. மழை ஓய்ந்து பத்து நாள் ஆகியும் வானம் அதைக் கைவிட மனமின்றிக் கறுத்தே கிடந்தது. சாலையோர மரங்கள் தம் இலைகளை ஒவ்வொன்றாக, இழப்பை எண்ணி எண்ணித் தருபவைபோல் உதிர்த்தன. வாடை ஒவ்வொரு வாயிலிலும் நின்று, உள்ளே எவரேனும் விழித்திருக்கிறாரா என்று கேட்டு, விடை பெறாமலே அடுத்த வாயிலுக்குச் சென்றது. புறாக்கள் மதிற்சுவர்களின் மேல் அலகைச் சிறகுக்குள் புதைத்து அமர்ந்திருந்தன. பகல் என்பது அழையாத வீட்டுக்கு வந்த விருந்தாளியைப்போல் கூசிக்கொண்டு வந்து, உட்காராமலே எழுந்துபோயிற்று. பிரிந்தோரை நினைப்பதற்கென்றே இறைவன் ஒரு பருவத்தைப் படைத்திருந்தால் அது இதுவாகத்தான் இருக்கவேண்டும். பழம்புலவர்கள் காத்திருப்போரைப் பாடியதெல்லாம் இப்பருவத்தில்தான். அந்நாளைய காத்திருப்பில் ஒரு நலம் இருந்தது: காத்திருப்போர் வரிசைச்சீட்டு எடுக்கவேண்டியதில்லை.

தையற்காரியின் சீட்டில் இருநூற்றுப் பதினான்கு என்று அச்சாகியிருந்தது. மாளிகைக் காட்சித் துறையின் வரவேற்புக் கூடத்தில் பன்னிரண்டு சாளரங்கள் இருந்தன. பதினொன்று மூடியிருந்தன. திறந்திருந்த ஒன்றின் மேலே, 'வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளே, வருக!' என்றொரு பலகை. அதன் கீழே, 'வந்தவர்கள் சாளரத்தில் சாயக்கூடாது' என்று மற்றொரு பலகை.

அவள் வெளிநாட்டினள். அந்த வெளிநாடு பேருந்தில் ஆறு மணி நேரத் தொலைவில் இருந்தது. எல்லைக்கோட்டின் இருபுறத்தும் ஒரே மொழிதான்; கோடு கிழித்தவர்கள் நாக்கைக் கேட்டுக் கிழிக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதுவரை தன் தையல் இயந்திரத்துக்கும் வீட்டுக்கும் இடையே வாழ்ந்தவள், கையில் சுற்றுலா விசாவோடு இங்கே வந்து, நாற்பது வினாக்கள் கொண்ட படிவத்தை நிரப்பி நீட்டியிருந்தாள்.

எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பதினாலாம் கேள்விக்கு என்னம்மா எழுதியிருக்கீங்க? 'மாளிகையைக் காண விரும்பும் காரணம்'னு கேட்டிருக்கு. 'என் அண்ணன் உள்ளே இருக்கிறார்'னு எழுதியிருக்கீங்க. அண்ணன் உள்ள வேலை பாக்கறாரா?"

"பாத்தாரு சார்."

"இப்ப?"

"இப்ப பாக்கல. ஆனா உள்ளதான் இருக்காரு."

"வேலை எதுவும் பாக்காம உள்ளயே இருக்காரா?"

"ஆமா சார். பதினோரு வருஷமா."

எழுத்தரின் முகத்தில் மரியாதை படர்ந்தது. "பெரிய அதிகாரியா இருப்பாரு போலிருக்கே. எந்த மாடிம்மா?"

"பேரவை மண்டபம் சார். கிழக்கு வரிசை, ஏழாவது தூண்."

"தூண் பக்கத்துலயா சீட்டு போட்டிருக்காங்க?"

"பக்கத்துல இல்ல சார். தூணுக்குள்ள."

அவள் அண்ணன் கம்பி கட்டும் தொழிலாளி. மாளிகை எழும்பிய காலத்தில் எல்லை தாண்டி வந்த நானூறு பேரில் ஒருவன். ஒரு நண்பகல், கிழக்கு வரிசையின் ஏழாம் தூணுக்குக் கலவை கொட்டிக்கொண்டிருந்தபோது, மேலே நின்றவன் பலகை புரண்டு, தான் கட்டிய கம்பிக்கூட்டுக்குள்ளேயே விழுந்தான். உடனிருந்தவர்கள் கூக்குரலிட்டார்கள். பொறியாளர் நல்லவர், நிறுத்தச் சொல்லி ஓடினார். ஆனால் கலவை கொட்டுவதை நிறுத்த எழுத்தில் ஆணை வேண்டும். ஆணைக்குக் கோப்பு வேண்டும். கோப்பு ஏழு மேசைகளைக் கடக்கவேண்டும். திறப்புவிழா நாளோ குறிக்கப்பட்டுவிட்டது. 'நிறுத்தலாம்' என்ற கையெழுத்தோடு கோப்பு திரும்பி வந்தது பத்தொன்பதாம் நாள். அதற்குள் தூணுக்குச் சுண்ணம் பூசி, மெருகிட்டு, மேலே பொன்வண்ணமும் தீட்டியிருந்தார்கள். 'நிறுத்த வேண்டிய அவசியம் எழவில்லை' என்று கோப்பை முடித்தார்கள். ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே, 'சொல்லாமல் வேலையை விட்டுச் சென்றார்' என்று எழுதப்பட்டது.

உடன் வேலை செய்த ஒருவன் ஊர் திரும்பி வந்து சொன்னபிறகுதான் வீட்டாருக்கு இவ்வளவும் தெரியும். இறந்தான் என்று சொல்லத் தாளில்லை. இருக்கிறான் என்று சொல்ல ஆளில்லை. விடைபெறாமல் போனவனுக்காக எங்கே உட்கார்ந்து அழுவது என்று தெரியாமல், அந்த வீட்டில் பதினோர் ஆண்டுகளாக எவரும் முழுதாக அழுததில்லை. ஒன்பது மனுக்கள் அனுப்பினாள். ஒன்பதுக்கும் ஒரே விடை: 'மனுதாரர் இந்நாட்டுக் குடிமகனாக இருத்தல் வேண்டும்.' அந்தத் தூணை ஒருமுறை தொட்டு, போய் வா என்று சொல்லிவிட்டு வரவேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவே.

எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் இறங்கியது. "இத நீங்க சொல்லல. நான் கேக்கல. சரியா?"

"சரி சார்."

"இங்க பாருங்கம்மா. நோக்கம் இருக்கறவங்க மனுதாரர். அவங்களுக்கு முன்வாசல், ஆனா குடிமகனா இருக்கணும். நோக்கம் இல்லாதவங்க சுற்றுலாப் பயணி. அவங்களுக்குப் பக்கவாசல். நீங்க வெளிநாடு, நோக்கமும் வெச்சிருக்கீங்க…"

"அப்போ எனக்கு எந்த வாசல் சார்?"

"உங்கள மாதிரி ஒரு ஆளே சட்டத்துல கிடையாதும்மா." அவர் பதினான்காம் விடையைக் குறுக்கே அடித்துவிட்டுப் பேனாவை நீட்டினார். "'காரணம் ஏதுமில்லை'ன்னு எழுதுங்க. யார் கேட்டாலும் அதையே சொல்லுங்க. எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

அவள் எழுதினாள். எழுதி முடித்தபோது, அண்ணனைத் தன் கையாலும் ஒருமுறை மூடியதுபோல் இருந்தது.

மறுநாள் அவளுக்கென ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒதுக்கப்பட்டார். ஒடிசலான மனிதர், கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் குடை. வெளிநாட்டார் எவரும் அரசு மாளிகையில் மொழிபெயர்ப்பாளர் இன்றி வாய் திறக்கலாகாது என்பது விதி.

"நீங்க பேசறது எனக்கு நல்லாவே புரியுதுங்களே," என்றாள் தையற்காரி.

"எனக்கும்தாம்மா புரியுது. ஆனா சட்டப்படி புரியக்கூடாது," என்றார் அவர். "நீங்க சொல்றத நான் கொஞ்சம் நிறுத்தி நிதானமா திருப்பிச் சொல்வேன். அதுக்குப் பேருதான் மொழிபெயர்ப்பு. இருபது வருஷமா பண்றேன். இதுவரைக்கும் ஒரு தப்பு வந்ததில்ல."

காட்சித் துறை இயக்குநரின் அறை ஒரு சிறு விளையாட்டுத்திடல் அளவு இருந்தது. அதன் கோடியில், மேசைக்கு அப்பால், இயக்குநர் தொலைவில் தெரியும் குன்றுபோல் வீற்றிருந்தார். சுற்றுலாப் பயணிகளை நேரில் ஆராய்ந்து, அவர்தம் நோக்கமின்மையை உறுதிசெய்வது அவர் பணி.

"நான் இந்த நாற்காலிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகுது," என்று அவர் தொடங்கினார். "இதுவரைக்கும் எத்தனை பேரை உள்ள விட்டிருக்கேன் தெரியுமா? முந்நூறு பேர். எனக்கு முன்னால இருந்தவர் ஒரே வருஷத்துல நானூறு பேரை விட்டார். கட்டடம் தேய்ஞ்சு போச்சு. அவரையும் மாத்திட்டாங்க. இது மக்களுக்காகக் கட்டின மாளிகைம்மா. மக்கள் கைபட்டா அழுக்காயிடும். மக்களோட சொத்தை மக்கள்கிட்டேருந்து காப்பாத்தறதுதான் இந்தத் துறையோட லட்சியம்."

"காப்பாத்தறாங்களாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கம் திரும்பி.

"சரி. இதுக்கு முன்னால காரணமே இல்லாம எங்கெல்லாம் போயிருக்கீங்க?"

தையற்காரி யோசித்தாள். நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். ஒன்பது முறை தபால் நிலையத்துக்குப் போயிருக்கிறாள். "அப்படி எங்கயும் போனதில்லீங்க சார்."

"அப்படி எங்கயும் போனதில்லையாம் சார்."

"நாப்பத்திரண்டு வயசுல ஒரு தடவைகூடவா?"

"நேரம் இல்லீங்க சார்."

"நேரம் இல்லையாம் சார்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "பாத்தீங்களா? இது சந்தேகத்துக்குரிய விஷயம். வாழ்க்கை பூரா காரணத்தோடயே நடந்த ஒருத்தி, திடீர்னு எங்க கட்டடத்துக்கு மட்டும் காரணமில்லாம வர்றா. நம்பறதுக்கு நான் என்ன முட்டாளா?"

மொழிபெயர்ப்பாளர் இருபது ஆண்டுகளில் முதன்முறையாகத் தயங்கினார். "இதையும் சொல்லணுமா சார்?"

அவளுக்கு நோக்கமின்மைச் சான்று வாங்கிவரும்படி ஆணையாயிற்று. நகரில் ஏழு இடங்களை ஏழு நாளில் பயனின்றிக் காணவேண்டும். ஒவ்வோரிடத்தும் மூன்று மணி நேரம் அமரவேண்டும். அங்குள்ள காவலர், 'இவர் இங்கிருந்தபோது யாதொரு பயனும் விளையவில்லை' என்று முத்திரையிட்டுத் தரவேண்டும்.

முதல் நாள் நீர் வராத நீரூற்றின் முன் அமர்ந்தாள். இரண்டாம் நாள், மரங்களை வெட்டியபின் பூங்கா என்று பெயரிடப்பட்ட வெளியில். மூன்றாம் நாள், ஒரு படைத்தலைவனின் சிலையடியில். தலை செப்பனிடச் சென்றிருந்ததால் கழுத்துவரையே காணக் கிடைத்தது. மூன்றிடத்தும் முத்திரை விழுந்தது. நான்காம் நாள் அருங்காட்சியகத்தின் மரப்பலகையில் அமர்ந்திருந்தாள். அங்கே காவலுக்கு நின்ற கிழவரின் சட்டைக்கை, தோள்மூட்டில் தையல் விட்டு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அவர் கையை உயர்த்தி எதையேனும் சுட்டிக்காட்டும்போதெல்லாம் அது இன்னும் ஓர் அங்குலம் கிழிந்தது. தையற்காரி ஒரு மணி நேரம் பொறுத்தாள். இரண்டாம் மணியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளை அறியாமலே கை பைக்குள் போயிற்று.

"கழட்டிக் குடுங்க பெரியவரே. ரெண்டே நிமிஷம்."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்…" என்று சொல்லிக்கொண்டே அவர் கழற்றிவிட்டார்.

உள்தையல், மேல்தையல், ஒரு முடிச்சு. பல்லால் நூலை அறுத்துக் கொடுத்தாள். கிழவர் போட்டுப் பார்த்தார், கையை உயர்த்தினார், இறக்கினார். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மகராசி! என் பொண்டாட்டி போனதுக்கு அப்புறம் ஒருத்தரும் இதப் பாக்கல," என்றார். அதன்பின் முத்திரையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"போட முடியாதேம்மா."

"ஏன் பெரியவரே?"

"பயன் வெளைஞ்சிடுச்சே."

விதிப்படி முந்தைய மூன்று முத்திரைகளும் செல்லாமற்போயின. அவள் மீண்டும் நீர் வராத நீரூற்றிலிருந்து தொடங்கினாள். இம்முறை கைகளைத் தொடைகளுக்குக் கீழே வைத்து அழுத்தியவாறே ஏழு நாளும் அமர்ந்திருந்தாள். குளிரில் விரல்கள் மரத்தன. அவளெதிரே குழந்தைகள் விழுந்தார்கள்; முதியவர்கள் பை சிந்தினார்கள்; அவள் எழவில்லை. ஏழாம் நாள் மாலை சான்றிதழ் நிரம்பியபோது, தன்னிடமிருந்து எதையோ அறுத்துக் கொடுத்து அத்தாளை வாங்கியதாக அவளுக்குத் தோன்றியது. இரவுகளைப் பெண்கள் விடுதியொன்றின் எட்டுக்கட்டில் அறையில் கழித்தாள். மற்றக் கட்டில்காரிகள் எல்லாரும் அவள் நாட்டுப் பெண்களே. பொழுது விடியுமுன் வேலைக்குப் போய்விடுவார்கள். எழுத்தர் சொன்ன அறிவுரைக்கு அஞ்சி, தான் வந்த காரியத்தை அவள் ஒருவரிடமும் வாய்விடவில்லை.

மாளிகையின் பக்கவாயிலில், 'நோக்கமற்றோர் நுழைவாயில்' என்று பளிங்கில் பொறித்திருந்தது. அவளோடு நான்கு பயணிகளும், பின்னே மொழிபெயர்ப்பாளரும் வந்திருந்தார்கள். நால்வரும் தொலைதூர நாட்டினர், ஐயமற நோக்கமற்றவர்கள். வாயிலில் ஒரு தாள் தந்தார்கள்: 'மாளிகையைக் காணுங்கால் அனுமதிக்கப்படும் உணர்ச்சிகள் மூன்று: வியப்பு, மகிழ்ச்சி, பணிவு.' தரையில் வரைந்த வெள்ளை வட்டங்களுக்குள் நின்றே காணவேண்டும். வட்டமொன்றுக்கு ஒன்பது நொடி. ஓர் அலுவலர் கையில் அட்டையோடு பின்னே வந்து, ஒவ்வொருவர் முகத்துக்கும் மதிப்பெண் இட்டார்.

முதல் வட்டத்தில் படிக்கட்டைக் கண்டு வியந்தார்கள். இரண்டாம் வட்டத்தில் கூரைவிளக்கைக் கண்டு மகிழ்ந்தார்கள். மூன்றாம் வட்டத்தில் மூடிய கதவொன்றைக் காட்டி, இதன் பின்னே அமைச்சர்கள் கூடுகிறார்கள் என்றபோது பணிந்தார்கள். நான்காம் வட்டம் பேரவை மண்டபத்துக்குள் இருந்தது. இயக்குநரே முன்வந்து உரையாற்றினார்.

"அன்பர்களே! உலகம் வியக்கும் இம்மண்டபம் முந்நூறே நாளில் எழுந்தது. ஒரு நாள், ஒரு மணி, ஒரு நொடிகூட இங்கே வேலை நின்றதில்லை. ஏன் நிற்கவில்லை? நிறுத்துவதற்கான கோப்பு வந்து சேருமுன் நாங்கள் வேலையை முடித்துவிட்டோம். அதுதான் எங்கள் வேகம்! இதைக் கட்டிய நானூறு பேரில் ஒருவர்கூட விபத்தில் இறந்ததாகப் பதிவேட்டில் இல்லை. பதிவேட்டை நானே பலமுறை படித்திருக்கிறேன். அதில் இல்லாதது எதுவும் இங்கே நடந்ததில்லை. இத்தூண்களைப் பாருங்கள். இவற்றின் வலிமை எங்கிருந்து வந்தது என்று அயல்நாட்டுப் பொறியாளர்களே திகைக்கிறார்கள்!"

கிழக்கு வரிசை கயிற்றுக்கு அப்பால் முப்பதடித் தொலைவில் நின்றது. தையற்காரி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மீண்டும் முதலிலிருந்து எண்ணினாள். ஏழாம் தூண் ஆறாவதைப்போலவே இருந்தது, எட்டாவதைப்போலவே இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு சாய்வு இல்லை. அதுவே அவள் நெஞ்சைப் பிளந்தது. ஒன்பது நொடி கடந்தது. மற்ற நால்வரும் அடுத்த வட்டத்துக்கு நகர்ந்தார்கள். அவள் நகரவில்லை. கண்கள் பெருகின, பதினோர் ஆண்டுகள் தேங்கிய வெள்ளம் ஓசையின்றிக் கன்னத்தில் வழிந்தது.

மதிப்பெண் அலுவலர் அட்டையைப் புரட்டினார், பின்பக்கத்தையும் பார்த்தார். "சார், இதுக்குக் கட்டம் இல்லையே."

இயக்குநர் நெருங்கி வந்தார். "என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல சார். அழறாங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"அது எனக்குத் தெரியுது. என்ன அர்த்தம்னு சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் அவளைப் பார்த்தார். அவள் பார்வை சென்ற வழியே கிழக்கு வரிசையைப் பார்த்தார். அவர் நெடுநாள் அந்நகரில் வாழ்ந்தவர். காற்றுவாக்கில் கேட்டவற்றை மறந்தவர் அல்லர். தலை கவிழ்ந்தது. "எனக்கு அதுக்கு வார்த்தை தெரியல சார்."

"தெரியலையா? ரெண்டு பேருக்கும் ஒரே மொழிதானேய்யா!" என்று இயக்குநர் கத்தினார். தம் துறை இருபது ஆண்டுகளாக மறுத்துவந்த ஓர் உண்மையை அவர் வாய் அன்றுதான் ஒப்புக்கொண்டது. ஒருவரும் அதைக் குறிப்பெடுக்கவில்லை.

தையற்காரியை இரு காவலர்கள் வெளியே கொண்டுவந்து விட்டார்கள். 'காரணத்தோடு அழுதமையால் நோக்கமுடையவர் என ஐயமற நிறுவப்பட்டது. இனி எந்நாளும் அனுமதியில்லை' என்று அவள் சான்றிதழின் குறுக்கே சிவப்பு முத்திரை விழுந்தது.

மாலையில் அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டில்காரி ஈரத்தலையைத் துவட்டியபடி வந்து அமர்ந்தாள். ஐம்பது வயது இருக்கும், அகன்ற தோள், கைகளில் பினாயில் நெடி. விடுதியில் அவளை எல்லாரும் வாளியக்கா என்பார்கள்.

"என்ன தங்கச்சி, மூட்டை கட்டறியா? ரெண்டு வாரமா காலைல போயிட்டு ராத்திரி வந்து செவுத்தப் பாத்துப் படுத்துக்கறே. யாராவது மாப்பிள்ள பாக்க வந்தியா என்ன?"

"அதுக்கு வயசு தாண்டிப் போச்சுக்கா."

"எனக்கே தாண்டலங்கறேன். சொல்லுடி, என்ன விஷயம்?"

அந்தக் குரலில் இருந்த பரிவை அவளால் தாங்கமுடியவில்லை. அண்ணன், தூண், படிவம், நீரூற்று, வெள்ளை வட்டம் எல்லாவற்றையும் சொன்னாள். வாளியக்கா துவட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எத்தனாவது தூண்னு சொன்னே?"

"கிழக்கு வரிசை. ஏழாவது."

வாளியக்கா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். "அத வாரத்துக்கு மூணு தடவை நான்தானேடி தொடைக்கறேன். எட்டு வருஷமா." விரித்த கைகளை மடக்கிக்கொண்டாள். "ஒரு நாளு கால் வலிக்குதுன்னு அதுமேல சாஞ்சுக்கூட நின்னேன். மன்னிச்சுக்கோ தாயி."

"நீங்க… உள்ள போறீங்களா? உங்கள எப்படிக்கா விடறாங்க? எந்தப் படிவம்?"

"படிவமா? நம்மள யாருடி பாக்கறா? பின்வாசல்ல வாளியத்தான் எண்ணுவான். வாளி அரசாங்கத்துது, நம்பர் போட்டிருக்கு. முப்பத்தொரு வாளி உள்ள போகணும், முப்பத்தொரு வாளி வெளிய வரணும். அத எவ தூக்கிட்டுப் போறான்னு அவனுக்கு என்ன வந்துச்சு? நாம ஒப்பந்தக்காரன் சொத்து. அவனும் நம்மள எண்ண மாட்டான்." அவள் எழுந்து மூன்றாம் கட்டிலை எட்டிப் பார்த்தாள். அங்கே ஒருத்தி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். "இவ காய்ச்சல்ல கெடக்கறா. நாளைக்கு இவ வாளிக்கு ஆளில்ல. மூட்டையப் பிரிடி."

பின்வாயிலில் பெயர்ப்பலகை ஏதுமில்லை. மறுநாள் காலை பெண்கள் வரிசையாக உள்ளே சென்றார்கள். காவலன் குனிந்தபடியே எண்ணினான். "இருபத்தொம்பது… முப்பது… முப்பத்தொண்ணு. சரி, போங்க." அவன் கண்கள் தையற்காரியின் முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. ஒன்பது மனுக்களும் நாற்பது வினாக்களும் பத்து முத்திரைகளும் திறக்காத மாளிகை, ஒரு தகர வாளிக்குத் திறந்துகொண்டது.

பேரவை மண்டபத்தில் கயிறுகள் ஓரமாகச் சுருட்டப்பட்டிருந்தன. மேற்கு மூலையில் கூரைப்பூச்சு உதிர்ந்ததால் சாரம் கட்டியிருந்தார்கள். தையற்காரி கிழக்கு வரிசையோரம் நடந்தாள். ஏழாம் தூணின் முன்னே நின்றாள். கையை நீட்டினாள், தொடுமுன் இழுத்துக்கொண்டாள். பிறகு தொட்டாள். தூண் குளிர்ந்திருந்தது.

"அக்கா," என்றாள் திரும்பாமலே, "பச்சத்தண்ணி வேண்டாம்க்கா. குளிருது."

வாளியக்காவுக்குப் புரிந்தது. வாளியிலிருந்த பினாயில் நீரை வடிகாலில் கொட்டி, மூன்று முறை அலசி, அதிகாரிகளின் தேநீர் அறைக்குச் சென்றாள். திரும்பியபோது வாளியில் ஆவி பறந்தது. கையில் ஒரு புதிய வெள்ளைத் துணியும் இருந்தது. அமைச்சர்களின் மேசை துடைக்க வைத்தது.

தையற்காரி காலணியைக் கழற்றி வைத்தாள். முழங்கையால் நீரின் சூட்டைப் பதம் பார்த்தாள். துணியை நனைத்துப் பிழிந்து, கை எட்டும் உயரத்திலிருந்து தொடங்கினாள். நெற்றி இருக்கக்கூடும் என்று தோன்றிய இடத்தில் மெல்ல ஒற்றினாள். கண்ணில் நீர் படாமல் துடைப்பதுபோல் இருபுறமும் ஒதுக்கித் துடைத்தாள். தோள்கள், மார்பு, கம்பி முறுக்கிக் காய்த்த கைகள். அவசரமில்லை. ஒவ்வொரு முறையும் துணியை அலசி, மீண்டும் வெந்நீரில் நனைத்தாள். சொல்லில்லாத ஒரு துதி அவள் தொண்டையில் தானாகவே எழுந்து, ஏறாமலும் இறங்காமலும் ஓடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. இயக்குநர் புதிய பயணிகள் மூவரோடு உள்ளே வந்தார். மொழிபெயர்ப்பாளர் பின்னே வந்தார். தையற்காரி தலை நிமிரவில்லை. இயக்குநரின் பார்வை அவள் மீது விழுந்து, அவளைக் காணாமலே மலர்ந்தது.

"பாருங்கள் அன்பர்களே! இந்தத் துப்புரவுப் பணியாளரைப் பாருங்கள்! கண்ணில் நீர் வழிய ஒரு தூணைத் துடைக்கிறார். ஏன்? மாளிகையின்மேல் அவ்வளவு பக்தி! வேறெந்த நாட்டில் இதைக் காண்பீர்கள்?"

பயணிகள் வியந்தார்கள். மதிப்பெண் அலுவலர் மூவருக்கும் முழு மதிப்பெண் இட்டார். மொழிபெயர்ப்பாளர் அவளை அறிந்துகொண்டார். அவர் இரண்டடி நகர்ந்து, பயணிகளின் பார்வைக்கும் அவளுக்கும் இடையே தம் முதுகை வைத்து நின்றார். பயணிகள் அடுத்த வட்டத்துக்குச் செல்லும்வரை நின்றார்.

அவள் பாதம்வரை துடைத்து முடித்தாள். தன் கழுத்துத்துணியை அவிழ்த்து ஈரம் ஒற்றினாள். ஒரு துளியும் இல்லாதபடி ஒற்றினாள். பின் மண்டியிட்டு, தூணின் அடியில் நெற்றியை வைத்தாள். "போய் வாண்ணா," என்றாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாளியக்கா சற்றுத் தள்ளி, துடைப்பத்தைத் தரையில் கிடத்திவிட்டு, கைகூப்பி நின்றாள்.

வெறும் வாளியோடு எழுந்து அவள் மேற்கு மூலையைக் கடந்தபோது, சாரத்தின் உச்சியிலிருந்து ஒரு குரல் கேட்டது. அவள் நாட்டின் இழுப்புள்ள குரல்.

"அக்கா, கீழ ஈரம். வழுக்கும். பாத்துப் போங்க."

அண்ணாந்து பார்த்தாள். ஒற்றைப் பலகையின்மேல், இடுப்பில் கயிறின்றி, பூச்சுக்கரண்டியோடு ஒரு கொத்தனார் நின்றிருந்தான். முப்பது வயது இருக்கலாம். அவன் காலடியில் பலகை லேசாக ஆடியது.

தையற்காரி வாளியைக் கீழே வைத்தாள். இரு கைகளையும் அவன் இருந்த உயரத்தை நோக்கி ஏந்தினாள்.

"நீ பாத்து இறங்குப்பா. உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. வந்த காலோட வீடு போய்ச் சேரணும். உன்னப் பெத்தவ கண்ணு முன்னால நூறு வருஷம் நீ நடமாடணும். நல்லா இருப்பா."